ஆங்கில வகுப்பில் நாவலும் இலக்கிய வரலாறும்: குழுவாய்க் கற்றலின் கதை

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கல்வியின் பெருமையைப் பொதுவாக எடுத்துரைக்க அறிஞர் பலர் உளர். ஆதலின், வகுப்பறையில் நாள்தோறும் நாம் கையாளும் ஒரு சிறு பொருளையே இக்கட்டுரைக்கு எடுத்துக்கொண்டோம். ஆங்கில வகுப்பில் நாவலையும் இலக்கிய வரலாற்றையும் எவ்வாறு கற்பது என்பதே அப்பொருள். சிறிதாகத் தோன்றினும், நம் சமுதாயத்தின் நூற்றாண்டு வரலாறு அதனுள் அடங்கியுள்ளது.

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் நம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வெளியேற்றும் பாடங்களுள் ஆங்கிலம் முதன்மையானது. அதிலும், ‘நான்-டீடெயில்’ என்று நாம் வழங்கும் துணைப்பாட நூலை மூலத்தில் வாசிக்கும் பிள்ளைகள் மிகச் சிலரே. கடையில் விற்கும் நோட்ஸை வாங்கி, கதைச் சுருக்கத்தை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகின்றனர். கதையைப் படிக்காமலே கதையைப் பற்றிய கட்டுரையை எழுதும் இவ்விந்தை எங்ஙனம் தோன்றியது? அதனை அறிய, ஆங்கில இலக்கியம் நம் நாட்டு வகுப்பறைக்குள் நுழைந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

ஆங்கில இலக்கியம் வந்த வழி

கிழக்கிந்தியக் கம்பெனியின் 1813-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம், இந்தியரின் கல்விக்கென ஆண்டுதோறும் ஒரு லட்ச ரூபாய் ஒதுக்குமாறு பணித்தது. அப்பணத்தை எக்கல்விக்குச் செலவிடுவது என்ற வாதத்தில், 1835-இல் மெக்காலே எழுதிய குறிப்பு ஆங்கிலத்திற்குச் சார்பாக முடிந்தது. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய 3 நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின.

இங்கு நம் இளைஞர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பழம்பெரும் பல்கலைக்கழகமாகிய ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் தனித்த பட்டப் பாடமாக ஏற்கப்பட்டது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான். கேம்பிரிட்ஜில் அது 1917-இல்தான் நிகழ்ந்தது. அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே இந்திய மாணவன் அவ்விலக்கியத்தில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தான். ஆட்சிக்குப் பணிந்த மனப்பாங்கை உருவாக்க இலக்கியக் கல்வி எவ்வாறு கருவியாக்கப்பட்டது என்பதை, கௌரி விசுவநாதன் 1989-இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். நூலை நுகர்வதற்காக அன்றி, உத்தியோகத் தேர்வில் தேறுவதற்காகவே இலக்கியம் பயிலப்பட்டமையால், மனப்பாடமும் உடன் வந்து சேர்ந்தது. இன்றைய நோட்ஸ் புத்தகம் அம்மரபின் வழித்தோன்றலே ஆகும்.

சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை

குழுவாய்க் கற்றல் மேனாட்டிலிருந்து வந்த புதுமுறை என்று எண்ணுவோர் பலர். உண்மை வேறு. நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோர்க்குச் சொல்லிக்கொடுப்பது பழைய வழக்கம். 1789 முதல் சென்னை எழும்பூரில் இருந்த அனாதைச் சிறுவர் விடுதியின் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் விடுதியிலும் புகுத்தி, அறிந்த சிறுவனைக்கொண்டு அறியாத சிறுவனுக்குக் கற்பித்தார். தாயகம் திரும்பியபின் 1797-இல் அதனை நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயருடன் அது இங்கிலாந்தெங்கும் பரவி, ஏழைப் பிள்ளைகள் பலர்க்கு எழுத்தறிவு தந்தது.

எழும்பூரில் கண்ட முறை இங்கிலாந்துத் தொழிலாளி மகனைப் படிக்க வைத்தது. ஆனால், அதே தமிழ்நாட்டுத் திண்ணையில் சேரிப்பிள்ளைக்கும் வளவுப்பிள்ளைக்கும் இடமில்லை. தெருவிலேயே நடக்கக்கூடாத பிள்ளை திண்ணையில் எவ்வாறு ஏறும்? கூடிக் கற்கும் முறையை உலகிற்கு ஈந்த மண்ணிலேயே, கூட உட்காரும் உரிமை நமக்கு மறுக்கப்பட்டது.

கோவையில் பயின்ற ஒரு மாணவர்

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் கோவை மாநகரிலேயே அது கிடைக்கிறது. செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோயம்புத்தூரில் கல்வி பயின்றார். 1939-இல் வெளிவந்த தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் அந்நாளைய நிலையை அவரே எழுதியுள்ளார். அங்குப் பயின்ற ஏறத்தாழ 400 மாணவர்களுள் 10 பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் பிறர்க்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால், அவர் உடன் பயில்வோருடன் பழகவும் விளையாடவும் இயலவில்லை. பள்ளிக்கு வெளியே எங்கேனும் வாசித்துக்கொண்டிருந்து, மணி அடித்தபின் வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு கலைந்ததும் எவரும் பின்தொடரா வண்ணம் வீட்டிற்கு விரைவார்.

புத்தகம் இருந்தது; அறிவு இருந்தது; ஆனால் உடன் அமர்ந்து பேச ஒருவர் இல்லை. அண்ணல் அம்பேத்கர் சிறுவனாக இருந்தபோது, தாம் அமரும் சாக்குத் துணியை வீட்டிலிருந்து கொண்டுசென்று வகுப்பில் தனியே உட்கார்ந்த செய்தியையும் இத்துடன் இணைத்து எண்ணுக. தனியே கற்க நேர்ந்த அவ்விருவரும் தாம் கற்ற ஆங்கிலத்தைத் தமக்கென மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. சீனிவாசனார் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். பொதுச் சாலைகளிலும் பொதுக் கிணறுகளிலும் எல்லார்க்கும் உரிமை உண்டென 1924-இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணலும் அவரும் ஒருங்கே அமர்ந்து நம் வழக்கை எடுத்துரைத்தனர்.

கல்விக்கூடங்களைத் தாமே அமைத்தோரும் உளர். 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அருந்ததியர் தலைவர் எல்.சி. குருசாமி சென்னையில் பகலெல்லாம் உழைத்தோர்க்கென இரவுப் பள்ளிகளை நடத்தினார். நம் சங்கம் நடத்தும் மாலை வகுப்புகள் அவ்விரவுப் பள்ளிகளின் தொடர்ச்சி என்பதை இளைஞர்கள் நினைவில் கொள்க.

நாவல் வரலாற்றில் நாம் எங்கே?

இனி நாவலுக்கு வருவோம். ஆங்கில நாவலின் தொடக்க நூல்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது, டேனியல் டீஃபோ 1719-இல் வெளியிட்ட ‘ராபின்சன் குரூசோ’. தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை, மாயூரம் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்டார். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைத் தீர்ப்பதே அவர் நோக்கமாக இருந்தது. அதன்பின் ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1896-இலும், மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ 1898-இலும் நூலாயின. இம்மூன்றையும் எழுதியோர் ஆங்கிலம் கற்றோர். ஆங்கில வகுப்பறையிலிருந்தே தமிழ் நாவல் பிறந்தது எனலாம். அவ்வகுப்பறையில் நமக்கு இடமில்லாமையால், அந்நாவல்களின் நடுவிடத்திலும் நம் மக்கள் இல்லை.

1935-இல் முல்க்ராஜ் ஆனந்த் ஆங்கிலத்தில் எழுதிய ‘அன்டச்சபிள்’ வெளிவந்தது. கழிவறை துப்புரவு செய்யும் பாக்கா என்னும் இளைஞனின் ஒருநாள் வாழ்க்கையே அதன் கதை. இ.எம். ஃபார்ஸ்டர் அதற்கு முன்னுரை எழுதினார். ஈழத்து எழுத்தாளர் கே. கணேஷ் ‘தீண்டாதான்’ என்ற பெயரில் அதனைத் தமிழாக்கினார். பாக்கா கதையின் நாயகனாயினும், அக்கதையை எழுதிய கை அவனுடையது அன்று. தாழ்த்தப்பட்ட மக்கள் தம் கையாலேயே நாவல் எழுத மேலும் சில பத்தாண்டுகள் ஆயின. யாழ்ப்பாணத்தின் கே. டானியல் 1972-இல் ‘பஞ்சமர்’ நாவலைத் தந்தார். பூமணியின் ‘பிறகு’ 1979-இல் வந்தது. செருப்புத் தைக்கும் அழகிரியின் வாழ்வை அது நடுவில் வைத்தது. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989-இலும், பாமாவின் ‘கருக்கு’ 1992-இலும், இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-இலும் வெளிவந்தன. இவற்றுள் பின்னைய மூன்றும் பின்னர் ஆங்கிலத்திலும் வந்து, பல்கலைக்கழக வகுப்புகளில் விவாதிக்கப்பெறும் நூல்களாயின.

கொங்கு மண்ணின் நாவல்

கொங்கு மண்ணுக்கு நாவலில் ஒரு முதன்மை இடம் உண்டு. கீரனூரைச் சேர்ந்த ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் வெளியிட்ட ‘நாகம்மாள்’, தமிழ் வட்டார நாவலின் முன்னோடி எனப் போற்றப்படுகிறது. கணவனை இழந்த ஒரு பெண் நிலத்தில் தன் பங்கைக் கேட்பதே அதன் கரு. நம் செவியில் நாள்தோறும் விழும் பேச்சு, முதன்முதலாக அச்சில் ஏறி நாவலின் மொழியாயிற்று. ஆயினும் அது நிலமுடையோர் வீட்டுக் கதை. அந்நிலத்தில் உழைத்தோரின் பிள்ளைகளை நடுவில் நிறுத்திய நாவலாகப் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ 2000-இல் வந்தது. திருச்செங்கோட்டு வட்டாரத்தவராகிய அவர், கவுண்டர் பண்ணையத்தில் ஆண்டுக் கூலிக்கு ஆடு மேய்க்க விடப்பட்ட அருந்ததியச் சிறுவன் கூளையனின் கதையை அதில் எழுதினார். வ. கீதா அதனை ஆங்கிலமாக்க, 2004-இல் ‘சீசன்ஸ் ஆஃப் தி பாம்’ என்ற பெயருடன் அது வெளியாயிற்று.

ஆங்கில வகுப்பிற்கு அம்மொழிபெயர்ப்பு ஒரு நற்பேறு. குரூசோவின் கதையைப் படிக்கும் நம் பிள்ளைக்குத் தீவும் புதிது, கப்பலும் புதிது, மொழியும் புதிது. கூளையனின் கதையிலோ மொழி ஒன்றே புதிது. பனையும் பட்டியும் ஆட்டுக்குட்டியும் நுங்கும் அவர்கள் அறிந்தவை. ஆங்கிலச் சொல் சரளமாக வரும் நகரத்து மாணவன் பொருள் விளங்காமல் திகைக்கும் இடத்தில், வளவிலிருந்து வரும் மாணவி விளக்கம் சொல்வாள். கடைசி வரிசையில் தலை கவிழ்ந்திருந்தவள் அன்று ஒரு குழுவிற்கு ஆசிரியை ஆவாள்.

இரு நாவல்களையும் அருகருகே வைத்தால் ஒப்புமை ஒன்று புலப்படும். குரூசோ தான் காப்பாற்றிய மனிதனின் பெயர் என்னவென்று கேட்கவில்லை; அவன் கிடைத்த கிழமையைக்கொண்டு ‘ஃபிரைடே’ எனப் பெயரிட்டான். அவனுக்குத் தொடக்கத்திலேயே கற்பித்த ஆங்கிலச் சொற்களுள் ஒன்று ‘மாஸ்டர்’. கூளையன் என்பதும் உடலின் உயரத்தைக்கொண்டு வைத்த பெயரே. ‘பண்ணாடி’ என்றும் ‘சாமி’ என்றும் பழகிய நாவுகளை நாம் அறிவோம். பெயரிடும் உரிமை யாருக்கு இருந்தது, ஏன் இருந்தது என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கினால், 1719-ஆம் ஆண்டு நாவலும் நம் ஊர்க் கதையும் ஒரே பாடமாகிவிடும்.

குழுவாய்க் கற்கும் முறை

இனி, அதனைக் கற்கும் முறையைச் சொல்வோம். அமெரிக்காவில் கறுப்பின மாணவரும் வெள்ளையின மாணவரும் தனித்தனிப் பள்ளிகளில் பயின்ற நிலையை, 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டத்திற்கு ஒவ்வாதது எனத் தீர்ப்பளித்தது. டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், பிரிந்திருந்த பிள்ளைகளை ஒரே வகுப்பில் அமர்த்தியபோது பகைமை மூண்டது. 1971-இல் எலியட் அரான்சன் என்னும் உளவியல் அறிஞர் அதற்கொரு வழி கண்டார். பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டைக் கொடுத்தார். ஒருவர் சொல்வதை மற்றவர் கேளாமல் பாடம் முழுமை பெறாது. ஆதலின் எவரையும் எவரும் புறக்கணிக்க இயலவில்லை. படத்துண்டுகளைச் சேர்க்கும் விளையாட்டின் பெயரால் அது ‘ஜிக்சா’ முறை எனப்பட்டது. நம் நாட்டு வகுப்பறைக்கும் அது மிகப் பொருந்தும்.

30 மாணவர் உள்ள வகுப்பை ஐவர் கொண்ட 6 குழுக்களாக்குக. ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் கதை நிகழ்ச்சிகளையும், ஒருவர் கதைமாந்தரையும், ஒருவர் இடத்தையும் காலத்தையும், ஒருவர் அருஞ்சொற்களையும், ஒருவர் நூலாசிரியரையும் அவர்காலத்து வரலாற்றையும் ஏற்றுக்கொள்வர். முதலில் ஒரே பொருளை ஏற்ற அறுவரும் ஓரிடத்தில் கூடி ஆராய்வர். பின்னர்த் தத்தம் குழுவிற்குத் திரும்பி, தாம் அறிந்ததை ஏனைய நால்வர்க்கும் சொல்வர். பேச்சு தமிழில் தொடங்கலாம். முடிவில் ஒவ்வொருவரும் 5 வாக்கியங்களையேனும் ஆங்கிலத்தில் எழுதிப் படித்தல் வேண்டும்.

இலக்கிய வரலாற்றுக்கு இரு கயிறுகள் போதும். சுவரில் மேலும் கீழுமாக அவற்றைக் கட்டுக. மேல் கயிற்றில் நாவல்களின் பெயரும் ஆண்டும் எழுதிய அட்டைகள்: 1719, 1879, 1935, 1942, 1972, 1979, 1992, 2000. கீழ்க் கயிற்றில் நம் வாழ்வின் ஆண்டுகள்: பல்கலைக்கழகம் தோன்றிய 1857, சட்டசபைத் தீர்மானத்தின் 1924, தீண்டாமைக் குற்றச் சட்டத்தின் 1955, கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 1976, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1989. இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் பிள்ளைகள் தாமே வினா எழுப்புவர். முதல் தமிழ் நாவலுக்கும் ‘பஞ்சமர்’ நாவலுக்கும் இடையே ஏன் 93 ஆண்டுகள் சென்றன? சட்டம் முந்தியதா, கதை முந்தியதா? எந்த நோட்ஸிலும் விடை கிடைக்காத இவ்வினாக்களே இலக்கிய வரலாற்றின் உயிர்.

காத்துக்கொள்ள வேண்டியவை

குழுவாக அமர்ந்துவிட்டால் எல்லாம் சமமாகிவிடும் என்று எண்ணுதல் கூடாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2007-08 முதல் செயல்வழிக் கற்றலும் படைப்பாற்றல் கல்வியும் நடைமுறைக்கு வந்தபோது, பிள்ளைகள் பெஞ்சை விட்டிறங்கித் தரையில் வட்டமாக அமர்ந்தனர். அது நல்ல மாற்றமே. எனினும், பிள்ளைகளைத் தம் விருப்பப்படி சேரவிட்டால் அவர்கள் தெருவாரியாகச் சேர்வர். ஒருவன் தலைவனாவான், ஒருத்தி எழுதுவாள், நம் பிள்ளை சார்ட் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பான், அல்லது தண்ணீர் கொண்டுவரப் போவான். ஊரின் அமைப்பே வட்டத்திற்குள்ளும் வந்து அமர்ந்துவிடும். ஆகவே குழுவைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தல் வேண்டும். தலைவர், எழுத்தர், வாசிப்பவர் ஆகிய பொறுப்புகளை வாரந்தோறும் முறைமாற்றுதல் வேண்டும். இடத்தைத் துப்புரவு செய்யும் வேலையும் எல்லார்க்கும் முறை வைத்தே வருதல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. நம் வாழ்வைக் கூறும் நாவல்களில் சாதிப்பெயர்களும் இழிசொற்களும் உள்ளவாறே வரும். எந்தப் பிள்ளையையும் சுட்டி, “இது உன் வீட்டுக் கதையா?” என்று ஆசிரியரோ மாணவரோ கேட்டல் ஆகாது. தன் துன்பத்தைச் சொல்வதா வேண்டாவா என்பது அப்பிள்ளையின் உரிமை. ஃபிரைடேயின் கதையில் தொடங்கிக் கூளையனுக்கு வருவது நலம். தொலைவில் உள்ள அநீதியை ஆராய்ந்து பழகிய கண், அருகில் உள்ளதையும் அஞ்சாமல் பார்க்கும்.

சங்கத்தார் செய்யத்தக்கன

பள்ளி செய்யும் வரை காத்திருத்தல் வேண்டா. நம் மாலை வகுப்புகளில் வாரம் ஒருநாளை வாசிப்பு நாளாக்குவோம். மேற்சொன்ன நாவல்களுள் ஐந்தாறினைத் தேர்ந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் குழுவிற்கு ஒரு படி வீதம் வாங்கி வைப்போம். கல்லூரியில் பயிலும் அண்ணன்மாரும் அக்காமாரும் ஆளுக்கொரு குழுவிற்குப் பொறுப்பேற்கட்டும். எழுத்தறியாப் பெற்றோரும் வந்து அமரட்டும். பண்ணையத்து நாள்களைப் பற்றி எந்த அகராதியும் சொல்லாத பொருளை அவர்கள் சொல்வர். பிள்ளைகள் அதனை ஆங்கிலத்தில் எழுதட்டும். நாளைய நாவலுக்கு அக்குறிப்பேடுகளே விதையாகவும் கூடும்.

தனியே படித்தும் நம் முன்னோர் சட்டசபை வரை சென்றனர். இலண்டன் வரை சென்றனர். கூடிப் படிக்கும் உரிமையை அவர்கள் நமக்கு ஈட்டித் தந்துள்ளனர். அவ்வுரிமையைப் பயன்படுத்தாமல், நோட்ஸ் புத்தகத்துடன் மூலையில் தனித்திருத்தல் நமக்குத் தகுமா? இளைஞர்களே, வெள்ளி விழா முடிந்து பந்தல் பிரித்த பின்னும் பாய்களை மட்டும் சுருட்டாதிருங்கள். அவற்றின்மீது வட்டமாக அமர்ந்து முதல் நாவலைத் திறவுங்கள். பொன்விழா மலரில் இப்பொருள் பற்றி எழுதும் கை, அவ்வட்டத்தில் அமர்ந்து படித்த ஒருவருடையதாக இருக்கட்டும்!